ஹோர்ட்டன் சமவெளி: அம்மாவோடு ஒன்பது கிலோமீட்டர்

எங்கள் லயத்து (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் நின்றால் தெரிகிற மலைகளுக்கு மேலேதான் ஹோர்ட்டன் சமவெளி என்று சின்ன வயதில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அக்கரப்பத்தனையில் பிறந்து பதினெட்டு வயதுவரை அங்கேயே வளர்ந்தும் ஒருநாளும் போனதில்லை. வெள்ளைக்காரர்களும் கொழும்புக்காரர்களும் வான் (வேன்) பிடித்துப் போகிற இடம் அது. இப்போது நானும் கொழும்புப் பக்கம் வந்துவிட்டேன். வத்தளையில் குடியிருந்து பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் தண்ணீர் இங்கிருந்து போகிறது என்று பத்து வருடமாகக் கரும்பலகையில் நீலச் சோக்கால் கோடு போட்டுக் காட்டியவள், அந்த இடத்தைக் காலால் மிதித்தது இந்தப் பெப்ரவரியில்தான்.

போனது நான்கு பேர். நான், பதின்மூன்று வயது மகள், ஒன்பது வயது மகன், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு அறுபத்து நான்கு. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்துவிட்டு ஓய்ந்தவர். ஒன்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்று சொன்னபோது, "மட்டமான ரோடா, மலையா?" என்று மட்டும் கேட்டார். இரண்டும் என்றேன். "அப்ப சரி."

வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். போகலாம். ஆனால் விடியுமுன் கிளம்ப முடியாதென்றால் தயவுசெய்து வேண்டாம். நுவரெலியாவிலேயே விக்டோரியா பூங்காவைச் சுற்றிவிட்டு நல்ல தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். காரணம் கீழே வருகிறது.

நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வாசலுக்கு வானில் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடவும் ஆகலாம். பூங்கா ஆறு மணிக்குத் திறக்கிறது. அதனால் நாலே முக்காலுக்கு வரச்சொல்லி முதல்நாளே பேசிவைத்திருந்தோம். நாங்கள் தங்கிய விடுதிக்காரர்தான் வானையும் ஏற்பாடு செய்தார். ஓட்டுநர் ஐந்து நாற்பதுக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "இன்னைக்குப் பனிமூட்டம் வராது மிஸ், லேட்டாப் போனாலும் பிரச்சினையில்லை" என்று ஆறுதல் வேறு. பனிமூட்டத்துக்கு இவர் என்ன உறவோ தெரியவில்லை. வாடகையை முன்கூட்டியே முழுவதுமாகக் கொடுத்தது என் மடத்தனம். நீங்கள் பாதி கொடுங்கள், மீதியைத் திரும்பி வந்தபிறகு கொடுங்கள்.

விடுதியில் கட்டிக்கொடுத்த காலைச் சாப்பாட்டுக்கும் அன்றைக்கு நேரம் சரியில்லை. உள்ளே போகும்போது பைகளைத் திறந்து பார்க்கிறார்கள். பொலித்தீன் எதுவும் போகக்கூடாது. தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபிளைக்கூடக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் தருகிறார்கள். எங்கள் சான்ட்விச், கேக், பிஸ்கட் எல்லாமே பொலித்தீனுக்குள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துக் காகிதத்துக்கு மாற்றி முடிப்பதற்குள் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விடத் தொடங்கிவிட்டார்கள். அம்மாவின் பை வந்தது. ரொட்டியை வாழையிலையில் சுற்றி, அதன்மேல் பழைய வேட்டித் துணியைக் கட்டி, காய்ச்சம்பலைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் அடைத்து வைத்திருந்தார். சோதித்த பையன் டப்பாவைத் திறந்து மணந்து பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

இந்தச் சோதனையைத் தொல்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சனங்கள் போட்ட பொலித்தீனைத் தின்று மரைகள் (பெரிய மான்கள்) செத்துப்போன செய்திகளைப் பேப்பரில் வாசித்திருக்கிறேன். ஒரு நாளைக்கு இவ்வளவு பேர் வந்துபோகிற இடத்தில் நாங்கள் நடந்த பாதையில் ஒரே ஒரு டொபி உறைதான் கண்ணில் பட்டது. அதையும் மகன் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

நுழைவுக் கட்டணம் நம் நாட்டவர்களுக்குப் பெரிய காசில்லை. நான்கு பேருக்கும் வாகனத்துக்கும் சேர்த்தாலும் வான் வாடகைக்குப் பக்கத்தில் வராது. வெளிநாட்டவர்களுக்கு டொலர்க் கணக்கு, அது கொஞ்சம் கடிக்கும். லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் சொந்தக்காரர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், வாசலில் நின்று முகம் சுளிக்க வேண்டியிராது.

வாசலைத் தாண்டி நடை தொடங்கும் இடம்வரை வாகனத்திலேயே போகலாம். என்னைக் கேட்டால் பாதி அழகு இந்தத் தார்ரோட்டிலேயே இருக்கிறது. இருபுறமும் புல்வெளி, நடுநடுவே குடை விரித்ததுபோல உச்சி தட்டையான மரங்கள், பள்ளமான இடங்களில் இரவில் விழுந்த உறைபனி உப்புத் தூவினதுபோல வெள்ளையாக. ஜனவரி, பெப்ரவரியில் அதிகாலை போனால் இதைப் பார்க்கலாம். அந்தப் புல்லில் மரைக்கூட்டம் ஒன்று நின்றது. பத்துப் பன்னிரண்டு இருக்கும். வாயிலிருந்து புகை வர மேய்ந்துகொண்டிருந்தன. மகள் கண்ணாடியை இறக்கினாள். குளிர் அறைந்தது. ஏற்றிவிட்டாள்.

இந்த மாதிரி மலைப் புல்வெளியைச் சிங்களத்தில் 'பத்தன' என்பார்கள். அக்கரப்பத்தனைக்கும், கொட்டகலைப் பக்கத்துப் பத்தனைக்கும் பெயர் அதிலிருந்து வந்ததுதான். எங்கள் ஊரில் பெயரில் மட்டும்தான் பத்தனை மிச்சம். கண்ணுக்கு எட்டியவரை தேயிலை. தேயிலைக்கு முந்தி எங்கள் மலை எப்படி இருந்திருக்கும் என்று நான் முதன்முதலாகப் பார்த்தது இங்கேதான். இதைச் சொன்னபோது அம்மா வெளியே பார்த்தபடியே, "இம்புட்டு நெலத்தையும் எப்பிடித் தொரமாரு சும்மா விட்டான்?" என்றார். சும்மா விடவில்லைதான். துரைமார் இதை வேட்டைக் காடாக வைத்திருந்தார்கள். 1960களில் ஒரு பகுதியில் உருளைக்கிழங்குகூடப் போட்டிருக்கிறார்கள். 1969-இல் சரணாலயமாகி, 1988-இல் தேசியப் பூங்காவாகி, 2010-இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. பெயர் 1830களில் ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனுடையது. சிங்களத்தில் பழைய பெயர் மகா எலிய தென்ன.

நடை தொடங்குவது ஃபார் இன் என்கிற பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில். கழிப்பறைக்கு இங்கேயே போய்விட்டு நடங்கள். அப்புறம் மூன்று நான்கு மணி நேரம் புதர்தான். வாகனம் நிறுத்துமிடத்தில் ஒரு பெரிய ஆண் மரை வான்களுக்கு நடுவே உலாத்திக்கொண்டிருந்தது. கொம்பு ஒன்று நுனி முறிந்திருந்தது. அதன் வாயருகே பாண் துண்டை நீட்டிப் படம் எடுத்தவர்களைப் பார்க்க எரிச்சலாக வந்தது. எழுதிப் போட்டிருக்கிறார்கள், கொடுக்காதீர்கள் என்று. வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் கொடுத்தார்கள்.

சப்பாத்து விஷயம். அம்மாவுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருந்தேன். வானில் வைத்துவிட்டு ரப்பர்ச் செருப்போடு இறங்கினார். "அதைப் போட்டா காலு தரையைப் பாக்காது புள்ள." நான் சண்டை பிடித்தேன், தோற்றேன். இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. கல்லும் வேருமான பாதை, ஈரமானால் சறுக்கும். பிடிமானம் உள்ள சப்பாத்தே போடுங்கள். ஆனால் முழுப்பாதையிலும் விழுந்தவள் நான் ஒருத்திதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏழு நாற்பதுக்கு நடக்கத் தொடங்கினோம். கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் திரும்பினால் சின்ன உலக முடிவு, உலக முடிவு (இரண்டும் நிலம் செங்குத்தாக அறுந்து விழும் மலை விளிம்புகள்), பிறகு பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி, திரும்பி வருகை. வலப்பக்கம் போனால் நீர்வீழ்ச்சி முதலில். காலையில் போகிறவர்கள் இடப்பக்கம் திரும்புங்கள், யோசிக்கவே வேண்டாம். நீர்வீழ்ச்சி மூட்டத்திலும் தெரியும், உலக முடிவு தெரியாது.

காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் மாறிவிட்டது. மரங்கள் உயரமில்லை, காற்றுக்கு முறுக்கிக்கொண்டு நிற்கின்றன, கிளையெல்லாம் பாசி தாடிபோலத் தொங்குகிறது. தரை கறுத்த மண். எங்கோ மந்தி ஒன்று கத்தியது, ஆளைக் காட்டவில்லை. சில இடங்களில் மரங்கள் நின்றபடியே காய்ந்து வெள்ளையாக இருக்கின்றன. மகாரத்மல் மரம் ஒன்றிரண்டு சிவப்பாகப் பூத்திருந்தது. மகன் புதரோடு புதராக ஒட்டியிருந்த ஓர் ஓணானைக் கண்டுபிடித்தான். மூக்கு நுனியில் வெள்ளையாய் ஒரு கொம்பு. இலங்கையின் மலைநாட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத உயிர் அது. பத்து நிமிடம் அசையவே இல்லை. எங்களைக் கடந்து ஒரு நாற்பது பேர் போயிருப்பார்கள், ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் உலக முடிவுக்கு அவசரம்.

சின்ன உலக முடிவு வந்தபோது எட்டரை. காடு சட்டென்று முடிந்து நிலம் அறுந்துவிடுகிறது. சின்ன என்று சொன்னாலும் இருநூற்றெழுபது மீட்டர்ப் பள்ளம். ஆட்கள் குறைவு, ஆற அமர உட்காரலாம். நாங்கள் இங்கேதான் ரொட்டியைப் பிரித்தோம். ஆறிப்போன ரொட்டியும் காய்ச்சம்பலும் அந்தக் குளிரில் எப்படி இருந்தது என்று எழுதினால் இது வேறு கட்டுரையாகிவிடும். விடுதிக்காரரின் சான்ட்விச்சை ஒருவரும் தொடவில்லை.

உலக முடிவுக்கு ஒன்பது பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கிட்டத்தட்ட 870 மீட்டர், நேராகக் கீழே. கூட்டம் இருந்தது. கம்பைத் தூக்கிப் படம் எடுக்கிறவர்கள், காதலிக்கு வீடியோ அழைப்பில் காட்டுகிறவர்கள், எல்லோரும் இருந்தார்கள். விளிம்புக்குப் போகாதீர்கள் என்று சொன்னால் அலுப்பாக இருக்கும், தெரியும். 2015-இல் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து விழுந்தே விட்டார். கீழே ஒரு மரத்தில் சிக்கியதால் உயிர் பிழைத்தார். எல்லோருக்கும் மரம் இருக்காது. நான் இரண்டு பிள்ளைகளின் கையையும் பிடித்துக்கொண்டுதான் நின்றேன், பெரியவள் வெட்கப்பட்டாலும்.

அன்றைக்கு வானம் திறந்திருந்தது. தெற்கே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, தூரத்தில் சமனலவெவ நீர்த்தேக்கம் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னியது. நான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டேன், மத்திய மலைநாட்டின் தென்சரிவு, அது இது என்று. அம்மா எதுவும் பேசாமல் நேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு தோட்டம். நொன்பரேல் தோட்டம் என்று பக்கத்தில் நின்ற வழிகாட்டி சொன்னார். பச்சைக்கு நடுவே ஒரு துண்டு மட்டும் கபில நிறமாக இருந்தது. நான் அதைக் காய்ந்த நிலம் என்றுதான் நினைத்தேன்.

"கவ்வாத்து வெட்டியிருக்கான்" என்றார் அம்மா. தேயிலைச் செடிகளை வெட்டிக் கத்தரித்துவிடுவதுதான் கவ்வாத்து.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தா லயம். புகை போவுது பாரு. இந்நேரம் பெரட்டு முடிஞ்சு மலைக்கு ஏறியிருப்பாளுக." பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற கூட்டம்.

மகன், "அம்மாயி, அவங்களுக்கு நாங்க தெரிவமா?" என்று கேட்டான்.

"தெரியும்னாலும் யாரு நிமுந்து பாக்கிறது சாமி, கொழுந்து நிறை காணாட்டி பேரு பாதியாப் போயிரும்."

பேர் என்றால் அன்றைய நாட்கூலி. நிறை குறைந்தால் அரைப் பேர்தான் போடுவார்கள். அதை மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதே கீழிருந்து வெள்ளையாக ஏதோ ஏறத் தொடங்கியது. முதலில் சமனலவெவ போனது, பிறகு மலைகள், கடைசியாக அந்தக் கபிலத் துண்டு. ஒன்பது இருபத்தைந்துக்கு எங்களுக்கு முன்னால் வெறும் வெள்ளைச் சுவர். பதினைந்து நிமிடம் பார்த்தோம், அவ்வளவுதான். எங்கள் ஓட்டுநர் இன்னும் கால்மணி நேரம் தூங்கியிருந்தால் அதுவும் இல்லை.

ஒன்பது நாற்பதுக்கு மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் மூச்சு வாங்க வந்து சேர்ந்தது. "இதுதானா உலக முடிவு?" என்று அந்த ஐயா கேட்டார். ஆமாம், இப்போதான் மூடியது என்றேன். அவர் வெள்ளையையே பின்னணியாக வைத்துக் குடும்பத்தைப் படம் எடுத்துக்கொண்டார். மூட்டம் சில நாள் ஒன்பதுக்கே வரும், சில நாள் பத்துவரை பொறுக்கும். அதற்குமேல் நம்பிப் போகாதீர்கள். மே முதல் மழைக்காலம், விடிகாலையிலேயே மூடியிருக்கவும் கூடும். ஏப்ரலில் நுவரெலியா சீசன் நேரம், வாகன வரிசையிலேயே பொழுது போய்விடும். நான் கேட்டு அறிந்தவரை ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம்.

உலக முடிவைப் பார்த்துவிட்டால் முடிந்துவிட்டது என்று வந்த வழியே திரும்புகிறவர்களைக் கண்டேன். அவர்கள் தவறவிடுவது நல்ல பாதி. பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்குப் போகும் வழி மூட்டத்துக்குள்தான் சிறப்பு. புல் நனைந்து, குரல் எல்லாம் பக்கத்தில் கேட்டு, ஆள் தெரியாமல் நடக்கிற சுகம். வழியில் ஓர் ஓடையைக் கடக்கும்போது மகள், "இது எந்த ஆத்துக்குப் போகுது?" என்றாள். பெலிஹுல் ஓயா வழியாக வளவைக்கு. அம்மா வீட்டுப் பக்கம் இறங்கும் அக்ர ஓயாவோ மகாவலிக்குப் போகிறது. 335 கிலோமீட்டர் ஓடித் திருகோணமலையில் கடலைத் தொடுகிறது. நீலச் சோக்குக் கோடு இவ்வளவு ஒடுக்கமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அம்மா அதை ஒரே எட்டில் தாண்டினார்.

நீர்வீழ்ச்சி இருபது மீட்டர்தான். உயரத்தைப் பார்த்தால் நாட்டில் இதைவிடப் பெரியவை நிறைய உண்டு. ஆனால் அகலமாக, பாறையை விரல்விரலாகப் பிரித்துக்கொண்டு இறங்குகிறது. பேக்கர் யார், பேக்கரிக்காரரா என்று மகன் கேட்டான். சாமுவேல் பேக்கர், யானை வேட்டைக்காரர், 1840களில் நுவரெலியாவில் பண்ணை போட்டவர். ஒரு காலத்தில் இந்த மேட்டிலும் யானை இருந்தது, இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. நீர்வீழ்ச்சிக்கு அவர் பெயர்தான் இன்னும் இருக்கிறது. அங்கே இறங்கும் படிகள்தான் முழு நடையிலும் கடினமான இடம். செங்குத்து, ஈரம், முழங்கால் வலிக்காரர்களுக்கு நரகம். நான் விழுந்தது இங்கேதான், சப்பாத்தோடு. அம்மா பக்கவாட்டாகத் திரும்பி, கூடை முதுகில் இருப்பதுபோலக் கொஞ்சம் முன்குனிந்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். மலைச்சரிவில் இறங்குகிற முறை அது. நானும் பிறகு அப்படியே இறங்கினேன். சரியாக வந்தது.

முழங்கால் உண்மையிலேயே மோசமானவர்கள் என்றால் இந்தச் சுற்றே வேண்டாம். தார்ரோட்டில் வாகனத்திலேயே போய், மரைகளையும் புல்வெளியையும் பார்த்து, சின்ன உலக முடிவுவரை மெல்ல நடந்து திரும்பலாம். அதற்குமே காசு தகும்.

சிறுத்தை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். இருக்கிறது, நமக்காக வெளியே வராது. தேவாங்கும் அப்படித்தான். அற்றுப்போய்விட்டது என்று நினைத்திருந்த ஒருவகைத் தேவாங்கின் படம் 2010-இல் வெளியானபோது உலகச் செய்தியானது. அது இராத்திரிப் பிராணி, இங்கே மாலை ஆறுக்குள் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். பறவைக்காரர்கள் வாசலுக்கு வரும் வழியில் அரெங்கா குளத்தருகே கமராவோடு அசையாமல் நிற்பார்கள். அந்த இடத்தில் ஹோர்ன் அடிக்க வேண்டாம் என்று உங்கள் ஓட்டுநரிடம் சொல்லிவையுங்கள். எங்களவர் அடித்தார்.

பன்னிரண்டே கால் மணிக்குத் திரும்பி வந்தோம். பிள்ளைகளின் உட்காருகைகளோடு சேர்த்து நாலரை மணி நேரம். நடக்கப் பழகியவர்களுக்கு மூன்று மணி போதும். அம்மா வானில் ஏறியதும் புதுச் சப்பாத்துப் பெட்டியைத் தலைக்கு வைத்துச் சாய்ந்துவிட்டார்.

திரும்பும் வழியில் அம்பேவெலப் பண்ணையில் நிறுத்தினோம். பிள்ளைகளைக் கேட்டால் அன்றைய பயணத்தில் முதலிடம் உலக முடிவுக்கில்லை, அங்கே குடித்த குளிர்ந்த பாலுக்குத்தான். அம்மாவும் ஒரு கப் குடித்தார். நுரையைத் துடைத்துக்கொண்டு, "கிரிகல்பொத்த அங்கதான இருக்கு? அது எம்புட்டு நடை?" என்று கேட்டார். நாட்டின் இரண்டாவது உயர்ந்த மலை, பாதை இதே பூங்காவுக்குள்தான், போய்வர ஒரு முழு நாள் வேண்டும் என்றேன்.

"அடுத்த வாட்டி அதுக்குப் போவோம். இந்த வான்காரன் வேணாம்."